மூன்று விரல்

குமரகுருபரன் எழுதிய ஜெனரேட்டர் விதியைப் பக்கத்து அடுக்ககங்கள் நாலைந்து கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கின்றன. கரண்ட் போனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஃபேன், இரண்டு லைட். ஏ.சி. கிடையாது, கீசர் கிடையாது, யார் வீட்டுக்கு மாப்பிள்ளை வந்திருந்தாலும் கிடையாது. அவசியம் வேறு, ஆடம்பரம் வேறு என்பது அவர் கொள்கை. பெரும்பாக்கம் நெய்தல் என்க்ளேவில் அதற்கு முன்பெல்லாம் கரண்ட் போனால் ஜெனரேட்டர் சத்தத்தைவிடக் குடியிருப்பவர்களின் சத்தம் பெரிதாக இருக்கும். விதி வந்த பிறகு ஜெனரேட்டர் சத்தம் மட்டும்தான். அந்த ஒரு காரியத்துக்காகவே அவரை மறுபடி மறுபடி செயலாளர் ஆக்கினார்கள். அவரும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஆனார்.

ஆகவே, கிராஃபிக்ஸ் கார்டு சூடாகிறது என்ற பிரச்சினை வந்தபோது குரு சார் கொஞ்சமும் கலங்கவில்லை.

இப்போதெல்லாம் வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வைத்துக்கொள்வது கிடையாது. வீட்டில் இருப்பது திரை மட்டும். ஜெனரேட்டர் அறைக்கு அடுத்த அறையில் பீரோ உயரத்துக்கு ஒரு பெரிய கம்ப்யூட்டர் நிற்கிறது. அதன் வயிற்றுக்குள் ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் ஒரு கம்ப்யூட்டர் ஓடுகிறது. தனித்தனியாக ஓடுவது போல இருக்கும், தொட்டுப் பார்க்கப் போனால் எதுவும் இருக்காது. மெய்நிகர் கணினி என்று காகிதத்தில் போடுவார்கள். வாயில் வருவது வி.எம். கணினிகள்தான் பல, படம் வரைகிற கிராஃபிக்ஸ் கார்டு பீரோவுக்குள் ஒன்றே ஒன்று. போர் தண்ணீரைப் பங்கு போடுவது போல எல்லா வி.எம்.மும் அதைப் பங்கு போட்டுக்கொள்ளும். கத்திரி வெயில் ஆரம்பித்த வாரம் அந்த அறையின் கூலர் மண்டையைப் போட்டது. கார்டு கொதித்துப்போய் எல்லார் திரையும் நினைத்தபோது அணைய ஆரம்பித்தது.

பீரோவைப் பராமரிக்கும் நிஜாம் வந்து பார்த்தான்.

"புது கூலர் வர்ற வரைக்கும் லோடைக் குறைக்கணும் சார். கொஞ்சம் வி.எம்.ல ஆக்ஸிலரேஷனை எடுத்து விட்டுடலாம்."

"எடுத்தா என்ன ஆகும்?"

"இப்ப கார்டு வரைஞ்சு குடுக்கிற படத்தை அந்த வி.எம். தானே உக்காந்து வரைஞ்சுக்கும். அச்சுல உருட்டுற கோலத்தைப் புள்ளி வெச்சுக் கையால போடற மாதிரி. படம் வரும் சார், நிதானமா வரும். மெயில் பார்க்கலாம், பேப்பர் படிக்கலாம். வீடியோ, கேம் எல்லாம் விட்டு விட்டு வரும்."

"ஆக, அவசியமானது வரும். ஆடம்பரம் வராது."

"அப்படியும் சொல்லலாம் சார்," என்றான் நிஜாம். அவன் குரலில் சந்தேகம் இருந்தது. ஆனால் குரு சார் முகத்தில் அந்தப் பழைய ஜெனரேட்டர் வெளிச்சம் வந்துவிட்டால் அப்புறம் யாரும் சந்தேகத்தை வெளியே எடுப்பதில்லை.

யாருக்கு எடுப்பது? வாடகைக்கு இருப்பவர்களுக்கு. கமிட்டியில் இதை யாரும் முன்மொழியவும் இல்லை, வழிமொழியவும் இல்லை. எல்லோருக்கும் அது தானாகவே தெரிந்திருந்தது. அசோசியேஷன் குரூப்பில் வீட்டுச் சொந்தக்காரர்கள் மட்டும்தான் உண்டு, அதனால் எதிர்த்துப் பேசவும் ஆள் இல்லை. பொருளாளர் பதஞ்சலி கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டார். அதற்குக் கீழே இன்னும் பல கைகள் கூப்பின. அன்று ராத்திரி வாடகைக்காரர்கள் தூங்கும் நேரத்தில் நிஜாம் அவர்கள் வி.எம்.களில் ஒரு சின்னக் கட்டத்திலிருந்த டிக்கை எடுத்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் சி பிளாக் மூன்றாம் மாடியிலிருந்து ஹெப்சிபா போன் செய்தாள்.

ஹெப்சிபாவுக்குப் பார்வை கிடையாது. அவள் போட்டிருக்கிற கண்ணாடிக்குப் பார்வை உண்டு. கண்ணாடி பார்ப்பதை அவள் வீட்டு வி.எம். மூளைக்குப் புரியும் படமாக வரைந்து, தலைமுடிக்கு அடியில் வைத்திருக்கும் சிப்புக்கு அனுப்பும். தூரத்துக் கம்ப்யூட்டரென்றால் படம் வந்து சேரத் தாமதமாகும் என்பதால் பக்கத்திலேயே ஒன்று வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். பீரோ இருக்கிற அடுக்ககமாகத் தேடித்தான் இங்கே வாடகைக்கு வந்தார்கள். காம்பவுண்டுக்குள் அவள் பார்க்கிறவள். கேட்டைத் தாண்டினால் கையில் குச்சி. ஒரு வங்கியின் தொலைபேசிச் சேவையில் வீட்டிலிருந்தே பேசுகிற வேலை. அவள் கணவன் ஆல்வினுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பல் செட்டு செய்கிற லேப் ஒன்றில் வேலை பார்க்கிறான்.

கணவன் வேலைக்குப் போயிருக்கும் வீட்டுக்குத் தனியாகப் போவதில்லை என்பது குரு சாரின் இன்னொரு விதி. அதனால் மனைவி சுகந்தியையும் அழைத்துக்கொண்டு போனார். சுகந்தி வாசலுக்கு உள்ளே அவருக்குப் பக்கத்தில் நின்றாள்.

"சார், என் கண்ணு அதுலதான் சார் ஓடுது," என்றாள் ஹெப்சிபா. திருநெல்வேலிப் பேச்சு. "காலைல இருந்து எல்லாம் போட்டோ போட்டோவா வருது. ஒண்ணு வந்து நிக்குது. அது போயி ரெண்டு மூணு செகண்டு கழிச்சுத்தான் அடுத்தது வருது."

"படம் வருதுல்ல?"

"வருது. ஆனா..."

குரு சார் டீப்பாயிலிருந்த ஆஸ்பத்திரி விளம்பரத் தாளை எடுத்து நீட்டினார். "இதைப் படிங்க பார்ப்போம்."

அவள் படித்தாள். தப்பில்லாமல் படித்தாள். அவருக்கு மனசு லேசானது. வலது கையைத் தூக்கி மூன்று விரல்களை விரித்துக் காட்டினார்.

"எத்தனை விரல்?"

"மூணு சார்."

"பின்னே என்னம்மா. எழுத்து தெரியுது, விரல் தெரியுது. படியில இறங்கறப்ப மட்டும் கைப்பிடியைப் புடிச்சுக்குங்க. கூலர் வந்ததும் முதல்ல உங்களுக்குத்தான் போட்டு விடச் சொல்றேன். போதுமா?"

"சார், நான் சொல்ல வந்தது என்னன்னா, எங்க வீட்ல பேச்சே அவரு கைய வச்சுத்தான்..."

அவர் போன் அடித்தது. பி பிளாக் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டதாம், உள்ளே இரண்டு பேராம். "அப்புறம் பேசலாம்மா," என்று கிளம்பிவிட்டார். இறங்கும்போது சுகந்தி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக வந்தாள். லிஃப்டுக்குள் ஆட்கள் தவிக்கிறார்கள், இவள் கல்யாணப்பெண் மாதிரி நடக்கிறாளே என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

மத்தியானம் சாப்பிடும்போதும் அந்தப் பேச்சுத்தான் ஓடியது.

"பாவம்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா படம் தெரிஞ்சா போதாதா? அது அழகா வேற ஓடணுமா? இதுக்குப் பேர்தான் ஆடம்பரம்."

சுகந்தி ரசம் ஊற்றினாள். பாதி தட்டுக்கு வெளியே விழுந்து அவர் வேட்டியை நனைத்தது.

"பார்த்து ஊத்த மாட்டியா? கண்ணு எங்கே இருக்கு உனக்கு?"

அவள் துணியெடுத்துத் துடைத்தாள்.

வாரம் முடிவதற்குள் சி பிளாக் இரண்டாம் மாடி மிருதுளா குரூப்பில் எழுதினாள்: மேல் வீட்டில் தொம் தொம் என்று சத்தம், சீலிங்கே அதிர்கிறது, யாராவது கேட்க மாட்டீர்களா? அந்தக் கேள்விக்கு முதலில் வந்தது ஒரு முகம் சுளித்த பொம்மை. அடுத்து ஒருவர், மேல் வீட்டில் யார் என்று கேட்டார். யார் என்று தெரிந்ததும் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. கண் தெரியாத மனைவி, வாய் பேசாத கணவன், சுவரில் மோதுகிற சத்தம். ஒருத்தி அந்தப் பெண்ணின் அழுகைச் சத்தத்தைக் கேட்டதாக எழுதினாள். இன்னொருத்தி, வெள்ளிக்கிழமை அவள் முகம் வீங்கியிருந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்தேன் என்றாள். "அடிக்கிறான்" என்ற வார்த்தையை முதலில் எழுதியது யார் என்று பிறகு எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை, ஏனென்றால் எழுதியவர் அதை அழித்துவிட்டிருந்தார். அழிப்பதற்குள் அது எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

அதன்பிறகு ஆல்வின் லிஃப்டில் ஏறினால் உள்ளே இருக்கும் பெண்கள் ஏதோ ஞாபகம் வந்ததுபோல வெளியே வந்தார்கள். வாட்ச்மேன் அவனைப் பார்த்தால் செருப்பைப் பார்க்க ஆரம்பித்தார். அவன் யாரைப் பார்த்தாலும் முதலில் சிரிப்பவன். சிரித்துவிட்டு, பதில் வராமல், அந்தச் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்பதைக் குரு சாரே ஒருமுறை பார்த்தார். கையை ஓங்குகிறவனுக்கு இப்படித்தான் வேண்டும் என்று அப்போது நினைத்தார். இரண்டு தடவை ஆல்வின் அவர் வீட்டு வாசல் வரை வந்து நின்றான். மணி அடிக்காமல் திரும்பிப் போனான். மிரட்ட வந்திருப்பான் என்று பதஞ்சலி சொன்னார். ஆல்வினைக் காலி செய்யச் சொல்ல வேண்டும் என்று கமிட்டியில் முதலில் சொன்னவரும் பதஞ்சலிதான். அவருடைய மேல்வரிசைப் பற்கள் ஆல்வின் செய்து கொடுத்தவை. வார்த்தைகள் அந்தப் பற்களின் வழியாக அழகாக, தெளிவாக வந்தன.

வீட்டுச் சொந்தக்காரர் மஸ்கட்டில் இருந்தார். "நீங்க பார்த்து சொல்லுங்க குரு சார். அப்படிப்பட்ட ஆளுன்னா இந்த மாசத்தோட அனுப்பிச்சுடலாம்," என்றார்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை கம்யூனிட்டி ஹாலில் கூட்டம். கமிட்டி ஆட்கள் ஒரு பக்கம், எதிரே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. வேடிக்கை பார்க்க மிருதுளாவும் இன்னும் சிலரும் சுவரோரமாக நின்றார்கள். ஆல்வின் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். எதற்காகக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியுமா என்பது யாருக்கும் தெரியவில்லை.

குரு சார் குரலை மென்மையாக்கிக்கொண்டார். "பயப்படாம சொல்லும்மா. நாங்க எல்லாரும் உனக்கு அப்பா, அண்ணன் மாதிரி. அவர் உன்னை அடிக்கிறாரா?"

ஹெப்சிபா அந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். புரிந்ததும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

"யாரு சார் சொன்னது?"

"சத்தம் கேக்குதும்மா. கீழ் வீட்ல சீலிங்கே அதிருது."

"அது மிதிக்கிறது சார். காது கேக்காதவங்கள எப்படிக் கூப்புடுவாங்கன்னு நெனச்சீங்க? தரையில மிதிச்சாத்தான் அவருக்குக் கால் வழியா தெரியும், நான் கூப்புடுதேன்னு. நான் அவரப் பாக்காம இருந்தா அவரும் மிதிப்பாரு. முன்னெல்லாம் நாளுக்கு ஒரு தடவையோ ரெண்டு தடவையோ. இப்ப நீங்க என் படத்த வெட்டுன பொறவு, ஒரு பேச்சுக்குப் பத்துத் தடவ மிதிக்க வேண்டியிருக்கு. அவரு சொல்லுதாரு, எனக்குப் புரியல. மறுபடியும் சொல்லுங்கன்னு நான் மிதிக்கேன். அவரு மறுபடியும் சொல்லுதாரு. அப்பமும் புரியல. அவருக்குக் கோவம் வருது, எனக்கு அழுகை வருது. அதத்தான் கேட்டிருப்பாங்க."

"ஆனா உங்களுக்குப் படம் தெரிஞ்சுதே. நான் விரல் காட்டினப்போ..." குரு சார் சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். ஏதோ ஒன்று அவருக்கு மெதுவாக எட்ட ஆரம்பித்திருந்தது.

"உங்க விரலு சும்மா நின்னுச்சு சார். அவரு விரலு பேசும். கை மேல இருக்க ஒரு படம் வருது. அடுத்த படத்துல கை கீழ இருக்கு. நடுவுல அவரு என்ன சொன்னாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? நாலஞ்சு நாளா அவரு என்னத்தையோ சொல்லிக்கிட்டே இருக்காரு. எனக்கு வந்து சேர்ந்தது இவ்வளவுதான். மாடி. கண்ணு. அம்மா. போ." அவள் சுற்றி எல்லோரையும் பார்த்தாள், அல்லது எல்லோருடைய போட்டோவையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "நீங்க எல்லாரும் படிச்சவங்கல்லா. இதுல என்ன புரியுது, சொல்லுங்க."

பதஞ்சலி, "எழுதிக் காட்டச் சொல்லியிருக்கலாமே," என்றார்.

"அவருக்கு பாஷ கைதான் சார். தமிழ் எழுதுதது அவருக்கு, உங்களுக்கு இந்தி மாதிரி. பேரு, விலாசம் எழுதுவாரு. மனசுல உள்ளத எழுத வராது. நீங்க உங்க வீட்டம்மா கூட பேப்பர்ல எழுதியா சண்ட போடுதீங்க?"

பதஞ்சலி தன் நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"கண்ணு போயி இந்த மெஷின் வாரதுக்கு முந்தி ரெண்டு வருசம், அவரு கைய என் கையால தடவித் தடவித்தான் பேசினோம். சாப்டியா, தூங்கு, வலிக்கா. அவ்வளவுதான் பேச முடிஞ்சுது. ஒரு புருசன் பொண்டாட்டிக்கு அவ்வளவு பேச்சு போதும்னு நீங்க சொல்லலாம். எனக்குப் போதாது சார். அந்த ரெண்டு வருசத்துக்குத் திரும்பிப் போகணுமோன்னு பயந்துட்டேன்."

சுவரோரம் நின்றவர்களில் சிலர் சத்தமில்லாமல் வெளியே நழுவினார்கள். மிருதுளா நழுவவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். இதுவரை யாரையும் ஏறிட்டுப் பார்க்கப் பயந்ததில்லை என்று பெருமைப்பட்டவர் குமரகுருபரன். இப்போது ஆல்வின் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான், அவரால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை.

"இப்பவே போட்டுடறேன்," என்று சொல்லி மேசையிலிருந்த டேப்லெட்டை எடுத்தார். பீரோவின் செயலாளர் பக்கத்தைத் திறந்து, அவள் ஃபிளாட்டைத் தேடி, அந்தச் சின்னக் கட்டத்தை அழுத்தினார். கட்டம் சாம்பல் நிறத்தில் மரத்துப்போய் இருந்தது. எவ்வளவு அழுத்தியும் டிக் விழவில்லை. நிஜாமுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஓடிட்டிருக்கறப்ப அதை மாத்த முடியாது சார். வி.எம்.மை அணைச்சுட்டு, டிக் போட்டு, மறுபடி எழுப்பணும். அன்னைக்கு அவங்க தூங்கற நேரமா பார்த்துப் பண்ணினேன்."

"அணைச்சா?"

"அணைச்சா, அணைஞ்சுதான் இருக்கும் சார். எழுந்து வர ரெண்டு மூணு நிமிஷம் ஆகும்."

ஹால் முழுக்க அது கேட்டது. ஒரு பெண்ணின் கண்ணை இத்தனை பேர் முன்னால் தன் விரலால் அணைக்க வேண்டும் என்பதைக் குரு சார் புரிந்துகொண்டார். விரல் டேப்லெட்டுக்கு மேலேயே நின்றது.

"வீட்டுக்குப் போயிட்டு அப்புறமா..."

"வேண்டாம் சார். அணைங்க. பழக்கம்தான்," என்றாள் ஹெப்சிபா. ஆல்வினின் பக்கம் திரும்பி இரண்டு கைகளாலும் ஏதோ சொன்னாள். அவன் தலையாட்டிவிட்டுத் தன் நாற்காலியை அவளோடு ஒட்டிப் போட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

குரு சார் அழுத்தினார்.

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. தலை மட்டும் சற்றுச் சாய்ந்து, சத்தம் வரும் பக்கங்களைத் தேடியது. வெளியே குழந்தைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். யாரோ நாற்காலியை நகர்த்தியபோது அவள் திடுக்கிட்டாள். ஆல்வினின் கட்டைவிரல் அவள் உள்ளங்கையில் மெதுவாக எதையோ எழுதிக்கொண்டே இருந்தது. எழுந்து போவது மரியாதையில்லை, உட்கார்ந்திருப்பது அதைவிட மரியாதையில்லை என்று எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஜெனரேட்டர் விதி எழுதிய நாளில் தனக்குக் கைதட்டியது இதே ஹாலில்தான் என்பது குரு சாருக்கு ஞாபகம் வந்தது. அந்த ஞாபகம் ஏன் இப்போது வர வேண்டும் என்று அவருக்குத் தன் மேலேயே ஆத்திரமாக இருந்தது.

டேப்லெட்டில் கட்டம் வெள்ளையானது. டிக் போட்டார். எழுப்பினார். காத்திருந்தார்கள்.

ஹெப்சிபா மூச்சை இழுத்துவிட்டாள். அண்ணாந்து சுற்றுகிற ஃபேனைப் பார்த்தாள். அது சுற்றுவதைப் பார்த்து, வேறு எதுவும் வேண்டாம் என்பதுபோலச் சிரித்தாள். பிறகு ஆல்வினைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள்.

ஆல்வின் பேச ஆரம்பித்தான். நாலைந்து நாள் அடைத்து வைத்தது எல்லாம் மொத்தமாக வந்தது. விரல்கள், மணிக்கட்டு, புருவம், தோள் எல்லாமே பேசின. ஒரு கை காற்றில் எதையோ பிடிக்கப் போய்த் தவறியது. பாதம் தரையைத் தடவிப் பார்த்தது. தன் இரு கண்களின் ஓரங்களையும் உள்ளங்கைகளால் மறைத்துக் காட்டினான். நடுவில் ஒருமுறை குரு சாரை நோக்கி விரல் நீண்டது. திட்டுகிறான், திட்டட்டும், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று அவர் தயாராக நின்றார்.

ஹெப்சிபாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"என்னம்மா சொல்றார்? எதுவா இருந்தாலும் சொல்லு. எங்களுக்கு நல்லா வேணும்."

"சார், கொஞ்சம் வெளியில வாங்க," என்றாள் அவள்.

ஹால் வாசலில், செருப்புகளுக்கு நடுவில் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"எங்க வீட்ல துணி காயப்போட அவருதான் மாடிக்குப் போவாரு. சுகந்தி ஆன்ட்டியும் அங்க வருவாங்களாம். கொடின்னு நெனச்சுக் கிளிப்ப வெறும் காத்துல மாட்டுதாங்களாம். துணி கீழ விழுந்த பொறவுதான் தெரியுதாம். படி எறங்கும்போது காலால தடவிப் பாத்து எறங்குதாங்களாம். இவரு பக்கத்துல நின்னாலும் தெரிய மாட்டேங்குதாம், நேரா முன்னால போயி நின்னாத்தான் தெரியுதாம்." அவள் தன் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டாள். "எனக்கும் முதல்ல இப்படித்தான் சார் ஆரம்பிச்சுது. ஓரம் எல்லாம் கரையும். நடுவுல தெரியுததுனால, நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சுக்கிட்டே இருந்துட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ரொம்ப லேட்டாயிட்டு. இப்பமே போனா இருக்குறதயாவது காப்பாத்திரலாம். 'நீ போயி அந்த அம்மாட்ட சொல்லு, நான் சொன்னா அவங்களுக்குப் புரியாது'ன்னுதான் நாலஞ்சு நாளா சொல்லியிருக்காரு. உங்க வீட்டு வாசல் வரைக்கும் ரெண்டு தடவ வந்திருக்காரு. எப்படிச் சொல்லுததுன்னு தெரியாம திரும்பி வந்துட்டாராம்."

குரு சார் தலையை ஆட்டிவிட்டு, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தார்.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. சுகந்தி ஹாலில் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் உள்ளே வந்து அவளுக்கு இடது பக்கமாக, ஒரு கை தூரத்தில் நின்றார். அவள் திரும்பவில்லை. கீரையையும் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்தபடி விரலால் தடவித் தடவி இலையை உருவிக்கொண்டிருந்தாள். பழுத்த இலையும் அதோடு சேர்ந்து போய்க்கொண்டிருந்தது. அப்படியே நின்றார். வேட்டியில் விழுந்த ரசம் ஞாபகம் வந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கியது ஞாபகம் வந்தது. காபியை டம்ளருக்கு வெளியே ஆற்றியது, போன மாதம் கதவு விளிம்பில் இடித்துக்கொண்டது, எல்லாவற்றுக்கும் தான் சொன்ன, கண்ணு எங்கே இருக்கு என்ற அந்த ஒரே வாக்கியம். ஆல்வின் இத்தனைக்கும் அவளை மாடியில் சில நிமிடங்கள்தான் பார்த்திருப்பான்.

"சுகந்தி."

அவள் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினாள். முறம் கவிழ்ந்தது. "எப்ப வந்தீங்க?"

"எப்போலேருந்து?" என்றார்.

எது என்று அவள் கேட்கவில்லை. கொட்டிய கீரையைக் கையால் கூட்டி அள்ளினாள்.

"தீபாவளிக்கு அப்புறம். கண்ணாடி பவர் மாறியிருக்கும்னு நெனச்சேன். மருந்துக் கடையில சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கிட்டேன். நிஜமாத் தெரிஞ்சது இப்பத்தான்."

"இப்பன்னா?"

"அந்தப் பொண்ணு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனீங்களே, அன்னைக்கு."

"அன்னைக்கே என்கிட்ட சொல்றதுக்கு என்ன சுகந்தி? நான் என்ன வேத்தாளா?" கோபமாகக் கேட்க நினைத்தார். கெஞ்சுவது போல வந்தது.

அவள் கையிலிருந்த கீரையை முறத்தில் போட்டாள். கொஞ்சம் முறத்துக்கு வெளியே விழுந்தது.

"நீங்க விரலைக் காட்டி எத்தனைன்னு கேட்டீங்க. உங்க பக்கத்துல நின்னு நானும் எண்ணினேன். அவ மூணுன்னா. எனக்கு ரெண்டுதாங்க தெரிஞ்சுது. வீட்டுக்கு வந்து, படம் தெரிஞ்சா போதாதான்னு சொல்லிட்டு சாப்பிட்டீங்க. எனக்குப் பயமாயிடுச்சு. அவகிட்டயே அப்படிக் கேட்டவர் என்கிட்டயும் கேப்பீங்களேன்னு."

குமரகுருபரன் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவள் கையைப் பிடித்துக்கொள்ளத் தன் வலது கையை நீட்டினார். அவள் சுவரைப் பார்த்தபடி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் நீண்டிருந்த அந்தக் கை அவளுக்குத் தெரியவில்லை.